தொப்பியையும் தாடியையும் கண்டால் நாய் ஏன் குரைக்கிறது?

வீட்டில் எல்லாரிடமும் குழையும் நாய், ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டதும் எகிறும். இன்னொன்றுக்குத் தாடி ஆகாது. வேறொன்றுக்குக் குடை, ஊன்றுகோல், கறுப்புக் கண்ணாடி. "முன்னாடி யாரோ தாடிக்காரர் அடிச்சிருப்பார்" என்று வளர்ப்பவர்கள் காரணம் சொல்வார்கள். சில நாய்களுக்கு அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அடியே வாங்காத நாயும் இப்படிக் குரைக்கும். குட்டியில் அப்படிப்பட்ட ஆளைப் பார்க்காமல் வளர்ந்திருந்தாலே போதும்.

குட்டிக்கு 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரைதான் புதியதைச் சுலபமாக ஏற்கும் பருவம். மனிதர்களையே காணாமல் வேலிக்குள் 14 வாரம் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்குபோல மிரண்டதை, 1961-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒரே மாதிரி ஆட்களை மட்டும் பார்த்து வளர்ந்த குட்டிக்கு வேறு நிறம், வேறு உடை, வேறு நடை எல்லாமே பிற்பாடு புதிராகிவிடும். நாய் குரைத்ததை வைத்துக்கொண்டு அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்று மற்றவர்கள் எடைபோடுவது அநியாயம். நாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

ஹெல்மெட்டும் கண்ணாடியும் முகத்தை மறைக்கின்றன. குடையும் பெரிய பையும் உடலின் உருவரையையே மாற்றிவிடுகின்றன. காற்று எதிர்த்திசையில் அடித்தால் வாசனையும் எட்டாது. அதனால்தான் சொந்த எஜமானையே தொப்பியோடு தூரத்தில் பார்த்துக் குரைத்துவிட்டு, மோப்பம் கிடைத்ததும் வாலாட்டுகிறது.

பழக்குவதற்கு முன் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். குரைப்பு வருமுன்பே அடையாளங்கள் தெரியும்: திறந்திருந்த வாய் சட்டென்று மூடும், நாக்கு மூக்கை நக்கும், கண்ணோரம் வெள்ளை தெரியும், உடல் ஒரு நொடி கல்லாகும். இவை எதுவும் இல்லாமல் ஆளைப் பார்க்கக்கூடிய தூரமே ஆரம்பப் புள்ளி. 20 மீட்டராக இருக்கலாம், 50 ஆகவும் இருக்கலாம்.

உதவிக்கு வருபவர் பக்கவாட்டில் திரும்பி, அசையாமல் நிற்கட்டும். நாய் அவரைப் பார்த்த ஓரிரு நொடிக்குள் விரல்நக அளவு வேகவைத்த கோழித்துண்டு கொடுங்கள். அவர் நாயின் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை ஒவ்வொன்றாகத் தொடருங்கள், மறைந்ததும் நிறுத்துங்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் தீனி, பிறகு ஆள் என்று மாறினால், தீனியைக் கண்டாலே 'ஏதோ வரப்போகிறது' என்று நாய் பயப்படத் தொடங்கும். ஒரு நேரத்துக்கு 5 நிமிடம் தாராளம். ஆளைக் கண்டதும் நாய் தானாகவே உங்கள் முகத்தைப் பார்த்தால், ஓரிரு மீட்டர் நெருங்கலாம். தூரம், அசைவு, ஆட்களின் எண்ணிக்கை, இவற்றில் ஒன்றை மட்டும் ஒரு சமயத்தில் கடினமாக்குங்கள். அவரை நடக்கச் சொல்லும்போது தூரத்தை அதிகமாக்கிவிடுங்கள். தீனியை வாங்க மறுத்தால் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்; உடனே விலகிப் போங்கள்.

பொருளைப் பார்த்துத்தான் பயம் என்றால் இன்னும் சுலபம். தொப்பி முதலில் தரையில், அப்புறம் உங்கள் கையில், உங்கள் தலையில், தெரிந்தவர் தலையில், கடைசியில் அந்நியர் தலையில். ஒரு தொப்பிக்குப் பழகிய நாய் எல்லாத் தொப்பிக்கும் பழகிவிடாது. நாலைந்து விதம் காட்ட வேண்டும்.

பலரும் செய்யும் தவறு, அந்நியர் கையாலேயே தீனி கொடுக்க வைப்பது. ஆசையில் நாய் கிட்டே போகும். தீனி தீர்ந்ததும், அது பயப்படுகிற அந்த ஆள் அதன் முகத்துக்கு நேரே நிற்பார். கடி விழுவது அப்போதுதான். தீனி உங்கள் கையிலிருந்தே வரட்டும். ஆளைக் கண்டதும் கயிற்றை இறுக்குவதும் கெடுதல்; கழுத்து நெரிவதையும் அந்த ஆளையும் நாய் சேர்த்தே நினைவில் வைக்கும். உறுமினால் அடிக்காதீர்கள். அடித்தால் உறுமல்தான் போகும், பயம் போகாது; அடுத்தமுறை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும்.

வளர்ந்த நாய் திடீரென்று ஆட்களைக் கண்டு மிரண்டால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலி, பார்வை மங்கல், காது மந்தம் எல்லாமே இப்படித் தொடங்கக்கூடும். பயம் மிகக் கடுமையாக இருந்தால் பழக்குவதோடு சேர்த்து மருந்தும் அவர் எழுதித் தருவார்.