காலால மருந்து அரைக்கிற ஊரு
ஹோ சி மின் சிட்டில ஃபிட்டோ மியூசியம்னு ஒண்ணு இருக்கு, வியட்நாம் பாரம்பரிய மருத்துவத்துக்குன்னே 2007ல திறந்தது. 6 மாடி, 18 ரூம், முழுக்க மரவேலைப்பாடு, உள்ள நுழைஞ்சதுமே காஞ்ச வேர், பட்டை வாசனை கும்முனு வருது.

எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த இரும்பு மருந்தரைக்கிற சாமான்தான், படகு மாதிரி இருக்கு, நடுவுல சக்கரம், அதோட அச்சுல ரெண்டு காலையும் வச்சு முன்னாடி பின்னாடி உருட்டணும், நானும் உக்காந்து உருட்டிப் பாத்தேன், அஞ்சு நிமிஷத்துல தொடை வலிக்குது, இதை நாள் பூரா செஞ்சவங்களை நெனச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணுச்சு.

14ஆம் நூற்றாண்டு வைத்தியர் துவே தின் சொன்னதா ஒரு வாக்கு இருக்கு, "தெற்கத்தி மருந்து தெற்கத்தி மக்களுக்கு"ன்னு. தெற்குன்னா இங்க வியட்நாம், சீன மருந்தையே நம்பி இருக்காம நம்ம மண்ணுல முளைக்கிறதை வச்சு வைத்தியம் பாருங்கன்னு அர்த்தம். அப்புறம் 18ஆம் நூற்றாண்டுல லே ஹூ ட்ராக், தனக்குத்தானே "சோம்பேறிக் கெழவன்"னு பேரு வச்சுக்கிட்டவரு, சோம்பல் வைத்தியத்துல இல்ல, பேரு புகழ் தேடுறதுல! அவரு எழுதின மருத்துவ நூல் மட்டும் 66 தொகுதி.

மேல் மாடில சாம் கோபுரம் (வியட்நாம்ல இருக்கிற சாம் இன மக்களோட பழைய கோயில் கோபுரம்) மாதிரி ஒண்ணு கட்டியிருக்காங்க, அங்க கொஞ்ச நேரம் நின்னுட்டு, கீழ வந்து கசப்பா ஒரு மூலிகை டீ குடிச்சேன்.