சீட்டில் இல்லாத ஊசி

ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருப்பவனுக்கு இடுப்புப் பிடிப்பு புதிதல்ல. சென்ற ஆண்டு ஆடி மாதம், தொட்டியில் நனையப் போட்டிருந்த கற்களை எடுத்து அடுக்கக் குனிந்தவன், அப்படியே நிமிர முடியாமல் நின்றுவிட்டேன். காரைக்குடியில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் மாத்திரைதான் எழுதினார். மறுநாள் பட்டறையில் ஆள் குறைவு என்பதால், "ஒரு ஊசி போட்டுவிடுங்கள் ஐயா" என்று கேட்டவன் நான்தான், அதை மறைப்பதற்கில்லை. அன்று அவரிடம் மருந்து தீர்ந்திருந்ததால் பக்கத்துக் கடையில் வாங்கி வந்து கொடுத்தேன். வேட்டியைத் தளர்த்திக்கொண்டு மேசையைப் பிடித்து நின்றபடியே வலப்பக்கம் போட்டுக்கொண்டேன்.

ஊசி வலி எல்லோருக்கும் தெரிந்ததே. இது அந்த வகையில் சேராது. மருந்து இறங்கும்போதே தீக்கங்கை வைத்து அழுத்தியதுபோல வலி கிளம்பியது, கத்திவிட்டேன். "கொஞ்சம் கடுக்கும், தேய்த்துவிடுங்கள்" என்றார் கம்பவுண்டர். வீட்டில் என் மனைவி பார்த்தபோது, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளிறி, அதைச் சுற்றி ஊதா நிறத்தில் கோடுகள் கிளைவிட்டிருந்தன. "என்னங்க இது, வேர் ஓடின மாதிரி இருக்கு" என்றாள். தொலைபேசியில் கேட்டதற்கு ஐஸ் வைக்கச் சொன்னார்கள், இரவெல்லாம் வைத்தோம். மூன்றாம் நாள் நடுப்பகுதி கறுத்தது. ஊசிக்கட்டி என்று நினைத்து உப்பு ஒத்தடம், ஐந்து நாள் ஆன்டிபயாடிக் என்று பொழுதைக் கடத்தினோம். இரண்டாவது வாரத்தில் கறுத்த இடம் செருப்பு வாரைப் போல விறைத்து, ஓரத்தில் நீர் கசியத் தொடங்கியது.

மதுரையில் அறுவை மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் இது சீழ்க்கட்டி அல்ல என்றார். ரத்த ஓட்டம் நின்றதால் தோலும் அதற்கடியிலுள்ள கொழுப்பும் செத்துவிட்டனவாம். அடுத்து அவர் கேட்டது, "என்ன மருந்து, எத்தனை மில்லி, என்றைக்குப் போட்டது?" சீட்டை நீட்டினேன். அதில் இரண்டு மாத்திரைகளின் பெயர் மட்டும் இருந்தது. ஊசியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. காப்பீட்டு மேசையில் இருந்தவரோ, ஊசி போட்டதற்கு அத்தாட்சி இல்லாமல் கோப்பையே திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

புண்ணோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பேருந்தில் காரைக்குடிக்குத் திரும்பினேன். அங்கே பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மாத்திரைதானே எழுதியிருக்கிறது, ஊசி போட்டதாக இல்லையே" என்றார்கள். போட்ட கம்பவுண்டர் அதே அறையில்தான் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. மருத்துவர் வெளியூர் என்றார்கள். இன்னொரு நாள் போனேன், அன்றும் வெளியூர்தான்.

மூன்றாம் முறை வெறுங்கையோடு திரும்பும்போதுதான் பக்கத்து மருந்துக்கடை கண்ணில் பட்டது. நாளைச் சொன்னதும் கடைப் பையன் கணினியில் தேடி, பில்லின் நகலை எடுத்துக் கொடுத்தான்: டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, 75 மில்லிகிராம், 3 மில்லி, ஆம்பூல் (கண்ணாடிக் குப்பி) ஒன்று, அதோடு தொகுதி எண்ணும் இருந்தது. அந்தத் துண்டுத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த நிம்மதி, வலி மாத்திரையில் கிடைத்ததைவிடப் பெரிது.

இதற்கு நிக்கொலாவ் நோய்க்குறி என்று பெயராம். 1920களில் மேகநோய்க்குப் பிஸ்மத் ஊசி போட்டவர்களிடம் முதலில் கண்டிருக்கிறார்கள். இப்போது அதிகம் பேசப்படுவது டைக்ளோஃபெனாக் ஊசியால் வருவது. மருந்து சிறு ரத்தக்குழாய்க்குள்ளோ அதை ஒட்டியோ இறங்கினால் குழாய் சுருங்கி அடைத்துக்கொள்கிறது என்றும், உடம்பில் குழாயை விரிய வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இவ்வகை மருந்துகள் தடுப்பது அதற்குத் துணைபோகலாம் என்றும் மதுரை மருத்துவர் விளக்கினார். குளிர்ச்சி குழாயை மேலும் சுருக்கும் என்பதால் ஐஸ் வைத்தது தவறு என்றபோது என் மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை. அரிதாக, முறையாகப் போட்டாலும் இது வருமாம். ஆகையால் எல்லாப் பழியையும் கம்பவுண்டர் தலையில் போட எனக்கு மனமில்லை. ஆனால் பதிவேட்டை வைத்து ஊசியே போடவில்லை என்றார்களே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். இரண்டு மாதம் கட்டு மாற்றி ஆறியது. அங்கே படுத்திருந்தபோது தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். மாத்திரை விழுங்க முடிந்தவருக்கு இடுப்புப் பிடிப்புக்கு ஊசி பெரும்பாலும் தேவையில்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் படுத்துக்கொள்ளுங்கள், நின்றால் தசை இறுகும். பிட்டத்தின் மேற்புறம் வெளிப்பக்கமாக, ஆழமாகப் போட வேண்டும், ஏனெனில் பருத்த உடம்பில் குட்டை ஊசி கொழுப்போடு நின்றுவிடும். மருந்தைச் செலுத்துமுன் சற்றே பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார்களா என்றும் கவனியுங்கள். பொறுக்க முடியாத வலியோடு தோல் வெளிறினாலோ நீலம் பாரித்தாலோ, தேய்க்காமல், ஐஸ் வைக்காமல், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உடைத்த ஆம்பூலைக் குப்பையில் போடுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் ஊசியின் பெயரையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பட்டறையில் முக்காலியில் இன்றும் இடப்பக்கம் சாய்ந்தே உட்காருகிறேன். காப்பீட்டுப் பணத்தில் பாதி வந்துவிட்டது. மீதிக்குப் பில் நகல் போதாதாம். ஊசி போட்ட இடத்தின் முத்திரையோடு சீட்டு வேண்டுமென்று சென்ற வாரம் கடிதம் வந்திருக்கிறது.