மருள் நாரில் நாண் திரித்த ஆறு வாரம்

நாலாவது வில்லை முடித்தபோது ஒன்று உறுத்தியது. மூங்கிலைப் பிளந்தது, சீவியது, வளைவு பார்த்தது எல்லாம் நான். நாண் மட்டும் கடையில் வாங்கிய பாலியெஸ்டர் நூல். அம்புத் தண்டோ மரக்கடையில் வாங்கிய உருளைக் குச்சி. இந்த முறை அவை இரண்டையும் நானே செய்வது என்று இறங்கினேன். வில் செய்வதைவிட இது கடினம்.

வில்லைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஏணிக்கு விற்கும் கல்மூங்கில், ஆறடி. தோல்பக்கத்தில் கத்தியே படக்கூடாது. வலுவான நார்கள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. வில் வளையும்போது இழுபடுவதும் அந்தப் பக்கம்தான். சீவுவது முழுக்க உள்பக்கத்தில். நாணை 28 அங்குலம் இழுத்தால் இழுவிசை 35 பவுண்டு, ஏறத்தாழ 16 கிலோ.

நாணுக்கு மருளைத் தேர்ந்தேன். வறண்ட நிலத்தில் வேலியோரமாக, கத்தி கத்தியாக நிற்கும் செடி. மரல் என்றும் சொல்வார்கள். இந்தச் செடிவகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே வில்நாண் சணல் என்று பொருள்படும். அதைப் படித்த நாளிலிருந்து ஆசை. முதலில் இலைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு அழுகவிட்டேன். நாற்றம் தாங்கவில்லை, நாரும் பழுப்பாகிவிட்டது. பிறகு பலகைமேல் வைத்து மழுங்கிய கத்தியால் சுரண்டினேன். சதை வழிந்துபோய், பளபளவென்று வெள்ளை நார் கைக்கு வந்தது. அந்த நாரைத் தொட்டுப் பார்த்த சந்தோஷத்துக்கே இத்தனை வேலையும் தகும்.

திரிப்பதற்கு இரண்டு புரி. ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, இரண்டையும் சேர்த்து இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிரெதிர் முறுக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நார் தீரும்போது புது நார் சேர்க்க வேண்டும்; ஆனால் இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது. நான் சேர்த்துவிட்டேன். ஏழாவது அம்பில், சரியாக அந்த இடத்தில், நாண் அறுந்தது. அம்பு வாங்கிக்கொண்டு போக வேண்டிய விசை மூங்கிலிலேயே தங்கிவிட, கீழ்ப்பாதியில் கணுவை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல். மூன்று வார வேலை. அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஐந்தாவது வில்லுக்கு நாணை முதலில் சோதித்தேன். வில்லின் இழுவிசையைப் போல நான்கு மடங்காவது நாண் தாங்க வேண்டும் என்று வில் செய்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதுவும் 35 பவுண்டு வில்தான்; அப்படியானால் 64 கிலோ. என் எடை 68. மாமரக் கிளையில் கட்டித் தொங்கினேன், தாங்கியது. தேன்மெழுகு தேய்த்து ஏற்றினேன். முதல் நாளே நீண்டு, வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே ஆறு அங்குலம் இருந்தது ஐந்தாகக் குறைந்தது. கழற்றி, முறுக்கைக் கூட்டி, மறுபடி ஏற்றினேன். மூன்று நாளில் நின்றுவிட்டது.

அம்புக்கு நாணல் தட்டை. தணலில் காட்டி, சூடு ஆறுமுன் கையால் நிமிர்த்தினேன். ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுத்த மூன்று வான்கோழி இறகு. நாண் தடிமனானதால் நாணில் மாட்டும் அம்பின் பின்வெட்டையும் அகலமாக்க வேண்டியிருந்தது. எய்தால் எல்லாம் இடப்பக்கமே போயின. நான் வலக்கையால் நாண் இழுப்பவன். அப்படியென்றால் தண்டு விறைப்பு அதிகம். 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, அம்பை அவற்றின்மேல் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடை தொங்கவிட்டேன். 26ஐத் தொய்வு அங்குலத்தால் வகுத்தால் அந்த அம்பு எத்தனை பவுண்டு வில்லுக்கானது என்று தெரியும். என் வில்லுக்கு முக்கால் அங்குலம் தொய்ய வேண்டும். என் தட்டைகள் அரை அங்குலம்கூடத் தொய்யவில்லை.

மெல்லியதாகப் பார்த்து இருபது தட்டை வெட்டி வந்து பரணில் நிழலில் காயப் போட்டிருக்கிறேன். மருள் நாண் இன்றுவரை நாற்பது அம்பு விட்டிருக்கிறது. ஒரு பிசிறு இல்லை.