தெரபிஸ்ட்டிடம் போகும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள்

கோபம் வந்தால் நான் கத்த மாட்டேன், பேச்சை நிறுத்திவிடுவேன். சில நேரம் வாரக்கணக்கில். ஏன் இப்படி இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான், பேச்சு வழியாக மனதுக்குச் சிகிச்சை தரும் தெரபிஸ்ட்டைத் தேடினேன்.

முதலில் போன இடத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வரவேற்பில் இருந்த பெண், ஹாலில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, "என்ன பிரச்சினை மேடம், தூக்கம் வரலையா, வீட்ல சண்டையா?" என்று உரக்கக் கேட்டார். உள்ளே இருந்த கவுன்சலர் நான் சொல்லி முடிக்கும் முன்பே, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா" என்று ஆரம்பித்துவிட்டார். அது போதாதென்று, படிவத்தில் இருந்த எண்ணைப் பார்த்து என் கணவருக்கே போன் செய்து நான் பேசியதைச் சொல்லியிருக்கிறார். சிகிச்சைக்கு வருபவரின் விஷயத்தை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவே சொல்கிறது. எதிரே உட்கார்ந்து மனதைத் திறப்பவருக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை.

விசாரித்த பிறகுதான் தெரிந்தது, கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலச் சிகிச்சை தரும் உளவியல் நிபுணர் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே பதிவு எண், கட்டணம், தமிழில் பேசலாமா, மூன்றையும் கேட்டுவிடுங்கள். எண்ணைக் கேட்டதற்கே எரிந்து விழுந்தால் அந்த இடம் வேண்டாம். மாத்திரை தேவைப்படும் நிலை என்றால் மனநல மருத்துவரான சைக்கியாட்ரிஸ்ட்டைத்தான் பார்க்க வேண்டும். சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத முடியாது.

அப்படிக் கேட்டுக் கேட்டுக் கிடைத்தவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "நீங்க பேச்சை நிறுத்தினதும் எதிர்ல இருக்கறவங்க என்ன பண்ணணும்னு நினைப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அடுத்தடுத்த சந்திப்புகளில் எங்கள் பழைய வீடு மெல்ல மெல்ல வெளியே வந்தது. அப்பா கோபித்துக்கொண்டால் அம்மாவிடம் பேச மாட்டார். அம்மா டம்ளரை என் கையில் கொடுத்து, "அப்பாகிட்ட காபி குடுத்துட்டு, சாயந்திரம் எப்ப வருவாருன்னு கேட்டுட்டு வா" என்பார். டம்ளரோடு நடுவில் நின்ற எனக்குத் தெரிந்த கோபம் அது ஒன்றுதான். இத்தனை வயதுக்கு அப்புறம் இதை என் வாயாலேயே சொல்லிக் கேட்டபோது, தோளில் இருந்து ஏதோ இறங்கியது.

போன மாதம் கணவரிடம், "எனக்குக் கோபமா இருக்கு, சாப்பிட்டதும் பேசலாம்" என்று சொன்னேன். அன்று இரவே பேசினோம். எனக்கு இது பெரிய வெற்றி.

கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். போனிலேயே மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இன்சூரன்ஸை நம்பிப் போவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பல பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம், இப்படி வந்துபோகும் சந்திப்புகளுக்குக் கிடையாது.