கடைக்கோடிக் குழாயில் 0.2

தர்மபுரி மாவட்டத்துப் பாறை மண்ணில் ஒரு சின்னக் குக்கிராமம். குடிநீருக்கு ஒரே போர் (ஆழ்துளைக் கிணறு), 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று, அதிலிருந்து மூன்று தெருவுக்குப் பிரியும் பி.வி.சி. குழாய். தொட்டியில் தினமும் பிளீச்சிங் பவுடர் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் இருந்தால் மஞ்சளாகக் காட்டும் சொட்டு மருந்தை விட்டால் மஞ்சள் நிறமே வரவில்லை. குளோரின் பூஜ்யம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது குடிக்கிறவர் வயிற்றுக்குச் சம்பந்தமில்லாத கணக்கு. கடைக்கோடியில் அந்த 0.2 வந்து நிற்கும்வரை செய்த வேலைகளைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறோம்.

முதலில், அழுக்கு எங்கே சேருகிறது என்று பிடிக்க வேண்டும். களப் பரிசோதனைப் பெட்டியில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பிகள் மூன்று போதும். ஒன்று போர் மோட்டாரிலிருந்து நேரடியாக, ஒன்று தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயில், ஒன்று கடைசி வீட்டுக் குழாயில். குளோரின் இருக்கிற தண்ணீரில் இந்தச் சோதனை ஏமாற்றும் என்பதால் பவுடர் போடாத ஒரு காலையில் பிடித்தோம். அன்றைக்கு எல்லா வீட்டிலும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட வேண்டும். குழாயின் வாயைச் சுடர் காட்டிச் சுட்டு (பிளாஸ்டிக் குழாய் என்றால் ஸ்பிரிட்டில் துடைத்து), இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, குப்பியின் உள்பக்கத்தில் விரல் படாமல், கோடு போட்ட அளவுவரை நிரப்பி மூடி, வெயில் படாத அலமாரியில் வைத்தோம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்தால் மலக்கலப்பு இருக்கக்கூடும் என்று அர்த்தம். போர் தெளிவாக இருந்து கடைசிக் குழாய் மட்டும் கறுத்தால் கோளாறு தொட்டியிலோ குழாயிலோ. போரே கறுத்தால் வேலை இரட்டிப்பு. எங்களுக்கு மூன்றுமே கறுத்தன. கடைசிக் குழாய் ஒரே நாளில், போர் இரண்டாம் நாளில். கறுத்த குப்பியில் பிளீச்சிங் பவுடர் போட்டு அரை மணி நேரம் வைத்த பிறகே கொட்ட வேண்டும்.

குப்பி சொல்வது சந்தேகம்தான். உறுதிக்கு, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி போக வேண்டும். கிருமிச் சோதனைக்கு அங்கே தரும் பாட்டிலின் அடியில் கொஞ்சம் சோடியம் தயோசல்ஃபேட் இருக்கும், குளோரினை முறிக்க. அழுக்கு என்று நினைத்து அதை அலசிக் கொட்டிவிடுகிறவர்கள் அதிகம். அலசக் கூடாது. கழுத்தளவு நிரப்பாமல் கொஞ்சம் காற்றிடம் விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும்.

போர் கறுத்ததற்குக் காரணம் தேட ரொம்ப தூரம் போகவில்லை. போரின் வாயில் இறக்கியிருக்கும் கேசிங் என்ற உறைக் குழாய் தரைமட்டத்தில் இருந்தது, மூடியாக ஒரு கோணிச் சாக்கு. மழைத்தண்ணீர் சுற்றித் தேங்கி நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. கேசிங்கை ஒன்றரை அடி உயர்த்தி, மூடி போட்டு, கேபிள் நுழையும் ஓட்டையை அடைத்து, சுற்றிலும் வெளிப்பக்கம் சரியும்படி சிமென்ட் தளம் போட்டோம். இதைச் செய்யாமல் போருக்குள் மருந்து ஊற்றினால் அடுத்த மழைக்கு மறுபடி ஊற்ற வேண்டியதுதான்.

மருந்தின் கணக்கு இது. ஆறரை அங்குல போரில் ஓர் அடிக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 420 அடி ஆழம், தண்ணீர் மட்டம் 120 அடி என்றால் 300 அடித் தண்ணீர், ஏறத்தாழ 2,000 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும், ஆக மொத்தம் 100 கிராம். பவுடரில் நாலில் ஒரு பங்குதான் குளோரின் என்று வைத்துக்கொண்டால் 400 கிராம் பவுடர். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, தெளியவைத்து, தெளிந்ததை மட்டும் போருக்குள் ஊற்றி, மோட்டாரை ஓட்டி, வெளிவரும் தண்ணீரையே ஓஸ் மூலம் திரும்பப் போருக்குள் விட வேண்டும். வருகிற தண்ணீரில் குளோரின் நெடி அடித்தால் கலந்துவிட்டது. மோட்டாரை நிறுத்தி 12 மணி நேரம் சும்மா விட்டு, மறுநாள் நெடி போகும்வரை இறைத்து வெளியே விட்டோம். அந்தத் தண்ணீர் வயலுக்கும் போகக் கூடாது, மீன் இருக்கிற குட்டைக்கும் போகக் கூடாது.

தொட்டி கழுவும் முறை பலருக்கும் தெரியும் என்பதால் கவனிக்காமல் விடுவதை மட்டும் சொல்கிறோம். அடித்தண்ணீர் ஓர் அடி இருக்கும்போதே வெளியேறும் வால்வை மூடிவிட்டுத் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் தேய்த்த சேறு முழுக்க ஊருக்குள் போகும். பவுடரைத் தொட்டிக்குள் வைத்துக் குழைக்கக் கூடாது. மூடிய இடத்தில் அந்த நெடி ஆளை மயக்கிவிடும். ஒருவர் உள்ளே, ஒருவர் மேலே, மூடி திறந்தபடியே. நிரம்பி வழியும் குழாயின் வாய்க்கும் காற்றுப் போக்கிக்கும் வலை கட்ட வேண்டும், அணிலும் புறாவும் அந்த வழியாகத்தான் வருகின்றன. 15 நாளுக்கு ஒரு முறை கழுவி, தேதியைத் தொட்டியிலேயே எழுதிவிடுவது நல்லது.

இனி பவுடர் அளவு. ஊரெல்லாம் சொல்லும் கணக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம், அதாவது எங்கள் தொட்டிக்கு 120 கிராம். தொடக்கத்துக்குச் சரி. ஆனால் புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். வாய் பிரித்த மூட்டை தகரக் கொட்டகையில் வெந்துகொண்டு கிடந்தால் சில மாதத்தில் அதில் சுண்ணாம்புதான் மிச்சம். கட்டி கட்டியாக, ஈரமாக, நெடி இல்லாமல் இருந்தால் பவுடர் செத்துவிட்டது. தண்ணீரும் தன் பங்குக்குக் குளோரினைச் சாப்பிடும். ஒரு மில்லிகிராம் இரும்பு மட்டும் சுமார் 0.64 மில்லிகிராம் குளோரினை விழுங்கிவிடும். அதனால் காகிதக் கணக்கை நம்பாமல் வாளிச் சோதனை செய்தோம்.

கையில் இருக்கும் அதே பவுடரில் 40 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவைக்க வேண்டும். நான்கு 20 லிட்டர் கேன்களில் போர்த் தண்ணீரை நிரப்பி, ஊசி இல்லாத சிரிஞ்சால் முதல் கேனில் 1 மில்லி, அடுத்ததில் 2, பிறகு 3, 4 மில்லி விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் கழித்து ஒவ்வொன்றிலும் குளோரின் பார்க்க வேண்டும். சொட்டு மருந்து ஆர்த்தோடாலிடின் என்றால் விட்டவுடன் பத்து விநாடிக்குள் நிறத்தைப் பார்த்துவிட வேண்டும். நின்று பார்த்தால் அம்மோனியாவோடு சேர்ந்துவிட்ட குளோரினும் மஞ்சளாகத் தெரிந்து, இல்லாததை இருப்பதாகக் காட்டும். பகல் வெளிச்சத்தில் பார்ப்பது முக்கியம், டியூப்லைட்டில் எல்லாம் மஞ்சள்தான். அரை மணி நேரம் கழித்து 0.5 அளவில் நிற்கும் கேன்தான் நமக்கு வேண்டியது. இந்தக் கரைசலில் ஒரு மில்லி, 30,000 லிட்டர் தொட்டிக்கு 60 கிராம் பவுடருக்குச் சமம். எங்களுக்கு மூன்றாவது கேன் சரியாக வந்தது, ஆக 180 கிராம். இதில் ஒரு வசதி, பவுடரின் வீரியம் எவ்வளவு என்று தெரிய வேண்டியதே இல்லை. சோதனையிலும் தொட்டியிலும் அதே பவுடர்தானே. மூட்டை மாறினால் மட்டும் மறுபடி செய்ய வேண்டும். கேன் தண்ணீர் செம்பழுப்பாக மாறினால் இரும்பு அதிகம் என்று அர்த்தம், அதற்குக் காற்றூட்டி வண்டலைத் தெளியவைக்கும் ஏற்பாடு தனியாக வேண்டும்.

தினசரிப் பவுடரைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். "ரெண்டு டம்ளர்" கணக்கு உதவாது. பிளாஸ்டிக் வாளியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு வாளி நிரப்பிக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு தொட்டிக்குப் போனால் அங்கே சேறாகும், வால்வில் அடைக்கும். மோட்டார் ஓடி, தொட்டி பாதி நிரம்பும் நேரத்தில் ஊற்றினால் விழுகிற தண்ணீரே கலக்கிக் கொடுக்கும். நிரம்பிய தொட்டியின் மேல் ஊற்றினால் மேலே மருந்தும் கீழே வெறும் தண்ணீருமாக நிற்கும். ஊற்றி முடித்தும் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே ஊருக்குத் திறக்கலாம். இன்னொன்று: மூட்டையை மோட்டார் அறையில் வைக்காதீர்கள். அந்த ஆவியில் ஸ்டார்ட்டர் பெட்டியின் செம்பு முனைகள் பச்சை பூத்து அரித்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், நிழலில், தனி இடத்தில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகு தொட்டியடியில் 0.8, கடைசிக் குழாயில் அப்போதும் பூஜ்யம். இந்த இடத்தில்தான் பெரும்பாலும் பவுடரைக் கூட்டுவார்கள். முதல் தெருக்காரர்களுக்கு நெடி தாங்காது, கடைசித் தெருவுக்குப் பயன் இருக்காது. கூட்டாமல், கடைசிக் குழாயிலிருந்து தொட்டியை நோக்கிப் பின்னோக்கி நடந்து, நாலைந்து வீட்டுக்கு ஒரு குழாயில் அளந்தோம். தொட்டிப் பக்கத்திலிருந்து பார்த்தால், இரண்டாம் தெரு முடியும்வரை 0.6, 0.5 என்று மெதுவாக இறங்கியது. மூன்றாம் தெருவின் வால்வைத் தாண்டியதும் ஒரே அடியாக 0.1. வால்வுக் குழியைத் திறந்தால் சாக்கடைத் தண்ணீர் முட்டியளவு நின்றது, வால்வின் கழுத்துப் பக்கம் கசிவு. தண்ணீர் ஓடும்போது உள்ளிருந்து வெளியே கசியும், யாருக்கும் தெரியாது. நிறுத்தியதும் குழாயில் உள்ளது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வடிய, அந்த வெற்றிடம் குழியில் நிற்பதை உள்ளே இழுக்கும். வீட்டில் குழாயோடு நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் தண்ணீர் வரும் நேரத்திலேயே இந்த இழுப்பு நடக்கும். வால்வின் கழுத்தில் கசிவை அடைக்கும் கிளாண்ட் கயிற்றை மாற்றி, குழியை இறைத்து, சுவரை உயர்த்தினோம். அதே தெருவில் வீட்டு இணைப்புக் குழாய்கள் இரண்டு சாக்கடைக்குள்ளேயே ஓடின. ஒன்றின் இணைப்பில் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தது. இரண்டையும் சாக்கடைக்கு மேலாக மாற்றிப் போட்டோம்.

கடைசியாக, குழாய் முடியும் இடம். எண்ட் கேப் போட்டு மூடிய 63 மில்லிமீட்டர் குழாயின் முனையில் தண்ணீர் நகராது, வண்டல் சேரும், அந்த வண்டல் குளோரினைத் தின்றுகொண்டே இருக்கும். கேப்பை எடுத்துவிட்டு வண்டலை வெளியே திறந்துவிடும் வாஷ் அவுட் வால்வு ஒன்று வைத்து, முதல் நாள் தெளியும்வரை திறந்துவிட்டோம். முதலில் வந்தது தேநீர் நிறத்தில் இருந்தது. இப்போது வாரம் ஒரு முறை பத்து நிமிடம் திறக்கிறோம். மூன்றாம் நாள் 0.2, ஒரு வாரத்தில் 0.3.

நெடியைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்து வாடை அதிகம் என்றால் மருந்து அதிகம் என்று முடிவுகட்ட வேண்டாம். கழிவு கலந்த தண்ணீரில் குளோரின் அம்மோனியாவோடு சேரும்போதும் கடும் வாடை வரும், அப்போது தேவை கூடுதல் குளோரின். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

குளோரின் கிருமியை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். எங்கள் பக்கத்துப் பாறையில் ஃபுளோரைடு உண்டு. அனுமதி அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5. காய்ச்சினால் அது குறையாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும். கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் அதைத் தனியாகக் காட்டாது, மீட்டரில் 400 காட்டுகிற தண்ணீரிலும் ஃபுளோரைடு மிகுந்திருக்கலாம். களப் பெட்டியில் இளஞ்சிவப்பு மருந்து மஞ்சளை நோக்கிப் போனால் ஃபுளோரைடு கூடுதல். நைட்ரேட்டும் அப்படித்தான், லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டினால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுக்கவே கூடாது. இவற்றுக்கு வேறு நீராதாரம்தான் வழி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே இதற்காகத்தான். காவிரித் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலக்கும் ஊர்களில், கலக்கும் விகிதம் மாறும்போதெல்லாம் ஃபுளோரைடும் மாறும், குளோரின் தேவையும் மாறும். இரண்டையும் கலந்த தண்ணீரில்தான் அளக்க வேண்டும்.

இப்போது தொட்டியடியில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, பவுடர் எத்தனை கிராம், முதல் குழாய், கடைசிக் குழாய், கரண்ட் போன நேரம் என்று ஐந்து கட்டம். கடைசிக் குழாயின் கட்டத்தைத் தொட்டியடியில் உட்கார்ந்து நிரப்பிவிட முடியும் என்பதால், அந்த ஒரு கட்டத்தை மட்டும் கடைசித் தெருவில் இருக்கிறவர்களே அளந்து எழுதுகிறார்கள்.