அவுட்டு இல்லைன்னு சொல்லணும்ல மிஸ்

திருப்பூரில் எட்டாம் வகுப்புப் பையனிடம் போய், "இங்கிலீஷ் நல்லாப் படிச்சா நல்ல வேலை கிடைக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். மரியாதைக்குத் தலையாட்டுவான். உள்ளுக்குள் சிரித்துக்கொள்வான். அவனுடைய அண்ணன் பத்தாவது ஃபெயில். பனியன் கம்பெனியில் பவர்டேபிள் என்ற தையல் மெஷினில் உட்கார்ந்து, சனிக்கிழமை தவறாமல் சம்பளம் வாங்குகிறான், பைக் வைத்திருக்கிறான். எதிர்வீட்டு அக்கா இன்ஜினீயரிங் முடித்துவிட்டு அதே கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகிறாள். அவன் என் பேச்சை நம்புவானா, கண்ணால் பார்ப்பதை நம்புவானா?

நான் இங்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிக் குடும்பங்கள். அம்மா கைமடி (தைப்பவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலை), அப்பா கட்டிங், சித்தப்பா அயர்ன் என்று வீடே ஒரே தொழிலில் இருக்கும். ஒன்றரை ஷிப்ட் முடித்து அவர்கள் வீடு திரும்ப இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ஆசிரியர்களுக்கான பயிற்சிகளுக்குப் போனால் ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள்: "பசங்களுக்கு இங்கிலீஷ்ல ஆர்வமே இல்லையே, எப்படி மோட்டிவேட் பண்றது?" எனக்கு அந்தக் கேள்வியிலேயே உடன்பாடு இல்லை. இங்கிலீஷ் மேல் ஆசை இல்லாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிறவன்கூட, ஸ்டேஷன் பக்கம் ஒரு வெளிநாட்டு வியாபாரியிடம் ஆட்டோக்காரர் நாலு வார்த்தை இங்கிலீஷில் பேரம் பேசினால் நின்று வேடிக்கை பார்க்கிறான். ஆசையெல்லாம் இருக்கிறது. 'இது எனக்கு வரும்' என்ற நம்பிக்கைதான் இல்லை. அதற்கு மேல், தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்ற கூச்சம்.

இதை எனக்குத் தெளிவாக்கியது எந்தப் பயிற்சியும் இல்லை, ஒடிசாவிலிருந்து வந்து ஏழாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பையன். வந்த புதிதில் அவனுக்குத் தெரிந்த தமிழ் தண்ணி, சாப்பாடு, அவ்வளவுதான். தீபாவளி லீவுக்குள் சண்டை போடும் அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. அதுவும் சுத்தமான கொங்குத் தமிழ், "ஏனுங்க மிஸ்" உட்பட. எங்கள் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் படிக்கிறார்கள். "மே ஐ கம் இன் மிஸ்" தாண்டிச் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் தரையைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் அவனை முன்னால் கூப்பிட்டு, "நீ எப்படிடா தமிழ் கத்துக்கிட்டே? இவங்களுக்குச் சொல்லிக் குடு" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "கிரிக்கெட்டுங்க மிஸ். நான் அவுட்டே ஆகியிருக்க மாட்டேன், இவனுங்க அவுட்டும்பானுங்க. அவுட்டு இல்லைன்னு சொல்லணும்ல மிஸ்."

"தப்புத் தப்பாப் பேசினப்ப இவங்க சிரிக்கலையா?"

"சிரிச்சானுங்க மிஸ். நானும் சிரிச்சேன். பேட்டை மட்டும் குடுக்கல."

பி.எட். படித்தபோது மொழி கற்பதற்கான ஊக்கம் என்ற தலைப்பில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இவன் சொன்னதில் பாதிகூட அதில் இல்லை. அவனுக்குத் தமிழ் தேவைப்பட்டது பத்து வருடம் கழித்து இல்லை, அந்த நிமிடமே. சொன்ன வாக்கியம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். தப்பாகச் சொன்னதற்கு யாரும் மார்க்கைக் குறைக்கவில்லை, எழுந்து நில் என்று சொல்லவும் இல்லை.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை பி.இ.டி. சாரிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். தமிழில் விளையாடலாம், ஆனால் அம்பயரிடம் சண்டை மட்டும் இங்கிலீஷில்தான் போட வேண்டும். அம்பயர் நான். முதல் வாரம் "நோ மிஸ், நோ மிஸ்" என்ற கூச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. அடுத்த முறை ஒருத்தன் பேட்டோடு என்னிடம் ஓடிவந்து, "பந்து பேட்ல படவே இல்லைங்கறதை எப்படி மிஸ் சொல்றது?" என்று கேட்டான். "தி பால் டிட் நாட் டச் மை பேட்." வகுப்பறையில் வாரக்கணக்கில் தொண்டை வற்றக் கத்தியும் ஏறாத 'டிட் நாட்', ஒரே ஓவரில் மொத்த டீமுக்கும் ஏறிவிட்டது. "டிட் நாட் டச்டு" என்றுதான் பாதிப்பேர் சொன்னார்கள். சொல்லட்டும். ஒரு நோட்டில் குறித்துவைத்து, திங்கட்கிழமை யார் சொன்னது என்று காட்டிக்கொடுக்காமல் போர்டில் எழுதித் திருத்தினேன். பேசிக்கொண்டிருக்கும் வாயை நடுவில் நிறுத்தித் திருத்துவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வகுப்பறைக்கும் ஒரு சட்டம் போட்டேன்: யார் சிரிக்கிறாரோ அவர்தான் அடுத்த வாக்கியம் சொல்ல வேண்டும். சிரிப்பு நன்றாகவே குறைந்துவிட்டது.

படித்த படிப்பையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கார்ட்னர், லாம்பர்ட் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1959இல் கனடாவின் மான்ட்ரியலில், ஆங்கிலம் பேசும் பள்ளிப் பிள்ளைகள் பிரெஞ்சு கற்பதை ஆராய்ந்தார்கள். அந்த மொழிக்காரர்களோடு கலந்து பழகும் விருப்பத்தால் கற்பது ஒரு வகை, வேலை போன்ற பயனுக்காகக் கற்பது இன்னொரு வகை என்று பிரித்தார்கள். மான்ட்ரியல் பிள்ளைக்கு ஊருக்குள்ளேயே பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் யாரோடு போய்க் கலப்பார்கள்? வேலை விஷயத்தைத்தான் அண்ணனின் சனிக்கிழமைச் சம்பளம் முதலிலேயே அடித்துவிடுகிறதே. எனக்கு உதவியது ஹங்கேரியில் பிறந்த டோர்ன்யெய் என்ற அறிஞர் 2005இல் முன்வைத்த கருத்து. அந்த மொழியைப் பேசுகிற ஆளாக வருங்காலத்தில் தன்னை மனதுக்குள் பார்க்க முடிகிறதா என்பதில்தான் ஊக்கம் இருக்கிறது என்றார் அவர். எங்கள் பிள்ளைகள் மனதில் இங்கிலீஷ் பேசுகிறவர் என்றால் கோட்டு சூட்டுப் போட்ட யாரோ ஒருவர். தன் முகம் அங்கே வருவதே இல்லை.

ஒருமுறை ஊக்கப் பேச்சாளர் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். இங்கிலீஷ் சிறகு, இங்கிலீஷ் ஏணி என்று மைக் அதிரப் பேசினார். பிள்ளைகள் கை வலிக்கத் தட்டினார்கள். மறுநாள் வகுப்பில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மனிதர். ஆனால் அவரைப் பார்த்து எந்தப் பிள்ளையும் 'இது நான்' என்று நினைத்திருக்க முடியாது.

எங்கள் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஜூனியர் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, ஷிப்மென்ட் தேதியை நினைவுபடுத்துவது அவள் வேலை. அவளை ஒரு மதியம் வரச் சொன்னேன். பேச்செல்லாம் வேண்டாம், அன்றைக்குக் காலையில் என்ன மெயில் எழுதினாளோ அதைப் போர்டில் எழுதிக் காட்டினால் போதும் என்றேன். பையர் பெயரை விட்டுவிட்டு எழுதினாள். லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) அனுப்பியிருக்கிறோம், கலர் சரியா என்று சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கும் மாதிரி உடை) அனுப்பிவிடுகிறோம். மூன்றே வரி. வகுப்பு கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தது. "இவ்ளோதானாக்கா?" என்றான் ஒருத்தன். "இவ்ளோதான்டா. இதுக்கே முதல் மாசம் போன் அடிச்சா நான் பாத்ரூமுக்கு ஓடிருவேன்" என்றாள். அதற்கு வந்த சிரிப்பு, பேச்சாளருக்குக் கிடைத்த கைதட்டலைவிட எனக்கு மேலாகப் பட்டது. அவள் அம்மாவும் கைமடிதான் என்பது அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் போன பிறகு எனக்குத் தோன்றியதுதான் லேபிள் பாடம். வேஸ்டில் கிடக்கும் லேபிள்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் மேஜை நிறைந்துவிட்டது. வாஷ்கேர் லேபிளில் இருப்பதெல்லாம் கட்டளை வாக்கியம். டூ நாட் பிளீச். வாஷ் டார்க் கலர்ஸ் செபரேட்லி. டூ நாட் அயர்ன் ஆன் பிரின்ட். கிராமர் புத்தகத்தில் கொட்டாவி வரவழைக்கும் அதே பாடம்தான். படித்து முடித்ததும் ஆளுக்கொரு லேபிள் எழுதச் சொன்னேன், யாருக்கு வேண்டுமானாலும். ஒருத்தி தன் அப்பாவுக்கு எழுதினாள்: டூ நாட் ஷவுட் ஆஃப்டர் நைன். ஒரு பையன் கணக்கு சாருக்கு: ஹேண்டில் வித் கேர், கீப் அவே ஃப்ரம் ஃபயர். அதைக் கணக்கு சாரிடமே காட்டினேன். பர்சில் வைத்திருக்கிறார்.

அந்தக் குவியலில் ஒரு மஞ்சள் அட்டையும் இருந்தது. அமெரிக்காவுக்குப் போகும், உடம்போடு ஒட்டிய மாதிரியான குழந்தைகள் இரவு உடையில் தொங்கவிடுவார்கள். இந்த உடை தீயைத் தாங்காது, குழந்தையின் பாதுகாப்புக்காக இறுக்கமாக இருக்க வேண்டும், லூசாக இருந்தால் தீப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று அதில் போட்டிருக்கும். அங்கத்திய சட்டப்படி கட்டாயம். கொண்டுவந்த பெண்ணின் அம்மாவுக்குப் பேக்கிங்கில் வேலை. நாள் முழுக்க இந்த அட்டையை மாட்டுகிறவர். அன்று இரவு மகள் அதை வாசித்து அர்த்தம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை பிரேயருக்கு முன்னாலேயே என்னைத் தேடி வந்துவிட்டாள். "மிஸ், அம்மா வெள்ளை லேபிள்ல என்ன போட்டிருக்குன்னு கேக்கறாங்க. எனக்கு ரெண்டு வார்த்தை தெரீலீங்க மிஸ், சொல்லுங்க." வகுப்பில் வாயே திறக்காத பெண் அவள். இப்போது அவள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அம்மா கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. அங்கே சேர்த்துவிட்டால் இங்கிலீஷ் தானாக வந்துவிடும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். பிள்ளைகள் அறிவியலையும் சேர்த்து மனப்பாடம் செய்கிறார்கள், அவ்வளவுதான் நான் பார்த்த வரையில்.

பத்தாம் வகுப்பு தனிக் கதை. அரையாண்டு முடிந்தால் கிரிக்கெட்டும் கிடையாது, லேபிளும் கிடையாது. மெல்லக் கற்போருக்கான மெட்டீரியல், மனப்பாடப் பாட்டு, லெட்டர், ரோடு மேப். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனாலும் கொடுக்கத்தான் கொடுக்கிறேன். 35 வாங்காத பிள்ளை பிளஸ் ஒன்னுக்குப் போக முடியாது. அதிலும் ரோடு மேப் எனக்குப் பிடித்த கேள்வி. புத்தகத்தில் வரும் படத்தை விட்டுவிட்டு, ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒரு வெளிநாட்டு வியாபாரி, பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டைக்கு வழி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். வழி சொல்வதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. இந்த வருடம் இரண்டு பேர், எந்தச் சந்து வழியாகப் போனால் சீக்கிரம் என்று பாதி இங்கிலீஷ், பாதித் தமிழில் அடித்துக்கொண்டார்கள். வியாபாரியாக நடித்தவன் கடைசியில் "ஐ வில் டேக் ஆட்டோ" என்று கிளம்பிவிட்டான்.

லேபிள் பாடத்தை வேறு ஊர் ஆசிரியர்களும் கேட்கிறார்கள். அப்படியே எடுத்துப் போனால் நடக்காது என்று நினைக்கிறேன். வேதாரண்யம் பிள்ளைக்கு வாஷ்கேர் லேபிளில் என்ன இருக்கிறது? சிவகாசியில் பட்டாசுப் பெட்டி மேல் இருக்கும் எச்சரிக்கை, ஆம்பூரில் எக்ஸ்போர்ட் ஷூ பெட்டி, கோவையில் பம்ப்செட்டோடு வரும் சின்னப் புத்தகம், இப்படி அப்பா அம்மா கைபட்ட ஏதோ ஒரு தாள் இருக்கும். உங்கள் ஊரில் அது என்ன என்று எழுதுங்கள். ஜூனில் புது எட்டாம் வகுப்பு வருகிறது, அதற்குள் எனக்கும் இன்னும் நாலைந்து சேர்ந்தால் நல்லது.