பாஸ் மலைச் சுற்று: ஓட்ட நாட்குறிப்பு

2024 செப்டம்பர் 29

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் விமான நிலையத்தில் நேற்று 117 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவாகியிருக்கிறது. செல்சியஸில் சொன்னால் 47-க்கும் மேல். மே 27 தொடங்கி செப்டம்பர் 16 வரை, 113 நாட்கள் தொடர்ச்சியாகப் பகல் உச்சம் நூறு டிகிரிக்குக் குறையாமல் காய்ந்த கோடை, சற்றே ஓய்ந்தது போல் போக்குக் காட்டிவிட்டு மறுபடியும் தலைதூக்கியிருக்கிறது. விடியுமுன் கால்வாய்க் கரையில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு வந்ததோடு சரி.

மேசா நகரின் கிழக்கு ஓரத்தில், யூசரி மலைப் பூங்காவில் தொடங்கி டோன்டோ தேசிய வனத்துக்குள் புகுந்து திரும்பும் பாஸ் மலைச் சுற்றைத்தான் இந்தக் குளிர்காலத்துக்கென மனத்தில் வைத்திருக்கிறேன். தூரம் ஏழு மைலை ஒட்டியது. மொத்த ஏற்றமும் ஆயிரம் அடி அளவில்தான் இருக்கும். எண்களை மட்டும் பார்ப்பவர்கள் இதில் என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். மலையை முழுவதுமாகச் சுற்றி வரும் பாதை என்பதால் பாதி வழியில் இருக்கும் கணவாயை எட்டிய பின் திரும்பி வந்தாலும் தொடர்ந்து முன்னே போனாலும் ஏறக்குறைய அதே தூரம்தான்; குறுக்கு வழி கிடையாது, குடிநீர் கிடையாது, நிழல் என்று சொல்லிக்கொள்ள மலையின் நிழலைத் தவிர வேறில்லை. தண்ணீர் எவ்வளவு, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதையெல்லாம் வண்டியை நிறுத்திய இடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

ஃபீனிக்ஸ் மாநகராட்சி, கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் கேமல்பேக், பையெஸ்டெவா ஆகிய குன்றுகளின் முக்கியப் பாதைகளைப் பகல் நேரத்தில் மூடிவிடும் வழக்கத்தை 2021-இல் கொண்டுவந்தது. தனிமனித உரிமையில் கைவைப்பதாக அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. 2023-இல் ஃபீனிக்ஸ் அடங்கிய மரிகோப்பா மாவட்டத்தில் மட்டும் வெப்பம் தொடர்பான இறப்புகள் 645 என்ற கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு அந்த முணுமுணுப்பில் நியாயம் தெரியவில்லை. மயங்கி விழுந்தவரைத் தூக்கிவரும் தீயணைப்பு வீரர்களும் அதே வெயிலில்தானே ஏற வேண்டியிருக்கிறது?

2024 அக்டோபர் 13

ஏறக்குறைய மூன்று வாரமாக நாள்தோறும் அந்தந்தத் தேதிக்குரிய பழைய உச்ச வெப்பம் சமன் செய்யப்படுகிறது அல்லது முறியடிக்கப்படுகிறது. ஆகஸ்ட் பிற்பகுதிக்குப் பிறகு ஊரில் அளக்கத்தக்க மழையும் இல்லை. காத்திருப்பதை வீணாக்க வேண்டாம் என்று மாலை நேரங்களில் அரை மணி, முக்கால் மணி மெதுவாக ஓடி உடலை வெப்பத்துக்குப் பழக்கிவருகிறேன். பத்துப் பதினான்கு நாட்களில் இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது என்பது உடலியல் கூறும் விளக்கம். இங்குள்ள வறண்ட காற்றில் வியர்வை கண்ணில் படுவதே இல்லை. உடனே காய்ந்து, தொப்பியின் ஓரத்தில் வெண்ணிறக் கோடாக உப்பு மட்டும் எஞ்சுகிறது. உடல் நனையாததால் தாகமும் பெரிதாகத் தெரியாது. அதற்காகத் தண்ணீரை மட்டும் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவும் ஆபத்தில் முடியும். மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேலே, உப்புக் கலந்தது ஒரு பங்கு, வெறும் தண்ணீர் ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்வது எனக்கு ஒத்துவருகிறது.

உடன் வருவதாகச் சொல்லியிருப்பவர் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர். அண்ணா என்றுதான் அழைப்பேன். இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்பதில் இருவருக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. காலையில் மலையின் மேற்குப் பக்கம் நிழலில் இருக்கும் என்பதால் அப்பக்கமாகத் தொடங்கி வலஞ்சுழியாகச் சுற்றுவதே அறிவு என்பது என் கட்சி. “வெயில் தோலைத்தான் சுடும் தம்பி, கல்லு முழங்காலையே எடுத்துரும்” என்கிறார் அவர்.

2024 அக்டோபர் 27

பருவத்தின் முதல் முழுச் சுற்று, தனியாக, வலஞ்சுழியாக.

சூரியன் எழும் நேரத்தில் தொடங்கினேன். மேற்குச் சரிவின் கீழ்ப்பகுதி கருங்கல் சிதைந்து உதிர்ந்த பரல். கெட்டியான தரைமேல் பரவிக் கிடக்கும் இந்தப் பரலில் திருப்பங்களில் பாதம் வழுக்கிக்கொண்டே போகும். அண்ணாந்து பார்த்தால் மலையின் நெஞ்சுக்குக் குறுக்கே வெளிறிய மஞ்சளில் ஒரு பட்டை ஓடுகிறது. அது எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை. அதுவும் கருங்கல்லும் சந்திக்கும் இடத்தில்தான் காற்றுக் குகை அமைந்திருக்கிறது. வார இறுதியில் வரும் கூட்டத்தில் பெரும்பகுதி அந்தக் குகைக்குப் போய்த் திரும்பிவிடுவதால் சுற்றுப்பாதை ஓடுகிறவர்களுக்கென்றே விடப்பட்டதுபோல் வெறிச்சோடிக் கிடக்கும்.

வடக்குப் பக்கம் திரும்பியதும் பாதை ஓராள் அகலத்துக்குச் சுருங்கிச் சரிவோடு ஒட்டிக்கொண்டு போகிறது. ஒரு கால் எப்போதும் மற்றதைவிடத் தாழ்வாகவே விழுவதால் இடுப்பின் ஒரு புறம் மட்டும் உழைக்கிறது. இந்தப் பகுதியில் ஓடுவதும் நடப்பதுமாகப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வடகிழக்கில் நான்கு சிகரங்கள் வரிசையாகத் தெரியத் தொடங்கின. ஃபோர் பீக்ஸ் என்ற பெயர் அவற்றுக்கு எவருடைய கற்பனையும் இல்லாமலே அமைந்துவிட்டது.

கணவாய் வரை என் கட்சியே வென்றது: நிழல், இதமான காற்று, தண்ணீர் பாதிக்கு மேல் மிச்சம். இறங்கத் தொடங்கியதும் தோற்றது. கீழ்வானிலிருந்து வரும் தாழ்ந்த சூரியன் நேரே கண்ணில் அடிக்க, முன்னால் கிடக்கும் கற்களில் நிலையானது எது, உருளக்கூடியது எது என்று பிரித்தறிய வழியில்லை. தொப்பியை எவ்வளவு இழுத்துவிட்டாலும் பயனில்லை. ஏற்றத்தில் மிச்சப்படுத்திய நேரம் முழுவதும் இறக்கத்தில் கரைந்தது. சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடர் தென்கிழக்கில் முழுதாக விரிந்து நிற்பதைப் பார்க்க நின்றேன்; ஓடிக்கொண்டே பார்க்கும் காட்சியன்று அது.

2024 நவம்பர் 3

கால் ஓய்வு. கால்வாய்க் கரைகூட வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

2024 நவம்பர் 10

அண்ணாவுடன் இடஞ்சுழியாக. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. தெற்கு அடிவாரத்தின் சமதரையில் உடல் சூடேறிவிடுகிறது. கிழக்குச் சரிவில் ஏறும்போது வெயில் வலத் தோளில் விழுகிறதே தவிர கண்ணில் விழுவதில்லை. ஏறுகிற வேகத்தில் கற்களைப் பார்த்து மிதிக்க நேரமும் கிடைக்கிறது. கணவாயைத் தாண்டி இறங்கும்போது வெளிச்சம் முதுகுப் பக்கம் போய்விடுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதுவே சரியான திசை என்று ஒப்புக்கொண்டேன். மார்ச் பிறந்து வெயில் ஏறிய பின் மீண்டும் என் திசைக்கே வந்தாக வேண்டும் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.

வடக்குச் சரிவில் அண்ணாவின் கெண்டைக்காலில் சோயா (cholla) என்னும் கள்ளியின் கணு ஒன்று ஒட்டிக்கொண்டது. கரடிக்குட்டி பொம்மை என்று பெயர் வைத்துக் கொஞ்சுகிற அளவுக்குத் தூரத்தில் இருந்து பார்க்கப் பஞ்சுபோல் இருக்கும் இந்தச் செடி, லேசாக உரசினாலே முட்டை அளவுள்ள கணுவைக் கழற்றிக் கொடுத்துவிடும். உதிர்ந்த கணுக்களும் பாதையோரம் எங்கும் இறைந்து கிடக்கும். ஒவ்வொரு முள்ளின் மேலும் மெல்லிய காகிதம் போன்ற உறை, அதனுள் பின்னோக்கி வளைந்த நுண்ணிய கொக்கிகள். கையால் பிடுங்கப் போனால் கையோடும் வரும். அதற்காகவே பையில் ஒரு பழைய சீப்பு வைத்திருக்கிறேன். தோலுக்கும் கணுவுக்கும் இடையே சீப்பின் பற்களைச் செருகி, ஆள் இல்லாத பக்கம் பார்த்து ஒரே வெட்டாகச் சுண்டிவிட வேண்டும்; மெதுவாக இழுத்தால்தான் வலி. சுண்டிய கணு புதருக்குள் போய் விழுந்தது. தோலில் ஏழெட்டு முட்கள் நின்றுவிட்டன. அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கும்போது தோல் கூடாரம்போல் எழும்பி, பிறகுதான் முள் விடுபட்டது. “சீப்ப இனிமே நீங்க தலைக்கு வச்சுக்காதீங்க” என்றார்.

2024 நவம்பர் 23

இரண்டு சுற்று, முதலில் இடஞ்சுழி, பிறகு வலஞ்சுழி. இரண்டாவதைத் தொடங்கும்போது சூரியன் போதுமான உயரத்துக்கு வந்திருக்கும், கிழக்கு இறக்கத்தில் கண்ணைக் கூசாது என்ற கணக்கில் இந்த வரிசை. வண்டியில் தண்ணீரும் உப்புக் கடலையும் வைத்துவிட்டுப் போனோம். முதல் சுற்று முடிந்து வண்டிக்கருகே வரும்போது மீண்டும் கிளம்பாமலிருக்கக் காரணங்கள் எளிதாகக் கிடைக்கும் என்பதால் உட்காராமல் நின்றபடியே சாப்பிட்டோம்.

கைகள் கொண்ட சகுவாரோ என்னும் நெடுங்கள்ளி ஒன்றைக் கடந்தபோது அதன் முதல் கை முளைக்கவே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும் என்று அண்ணா சொன்னார். எனக்கு அப்போது மூச்சு அதைக் கேட்டுக்கொள்ள மட்டும் போதுமானதாக இருந்தது.

கணக்கு பலித்தது. உச்சிக்கு அருகே இருந்த வெயில் கற்களின் நிழலைச் சுருக்கிவிட, கிழக்கு இறக்கம் அக்டோபரில் ஓடியதைவிடத் தெளிவாகத் தெரிந்தது; ஆனால் தொடைகள் களைத்திருந்ததால் அந்தத் தெளிவை வேகமாக மாற்றிக்கொள்ள முடியவில்லை. இரண்டாவது சுற்றுக்கு முதலாவதைவிட அரை மணி நேரம் கூடுதலாயிற்று. என் இடது ஷூவின் முன்பக்க ரப்பர், கற்களில் இடித்து இடித்து, விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்துவிட்டது. டிசம்பரில் மறுபடி வருவதற்குள், முன்பகுதி தடித்த ஜோடி ஒன்று வாங்க வேண்டும். அண்ணா தனக்கென்று தனியாக ஒரு சீப்பு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.